ஈ.ஐ. எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதென்றால்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, சமூகக் காப்புறுதி எண்ணையும் நான்கு இலக்க அணுகல் எண்ணையும் தட்டி, ஈ.ஐ. என்று நாம் சொல்லும் கனடாவின் வேலைவாய்ப்புக் காப்புறுதிக்கான என் அறிக்கையை நிரப்புவேன். அதில் வரும் கேள்விகளில் ஒன்று: இந்த அறிக்கைக் காலத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையான நாட்களில் நீங்கள் கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா? பல முறை யோசிக்காமலே ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கிறேன். 2024 மே மாதக் கடைசியில் ஒருநாள் அந்தக் கேள்வியின் முன் கை நின்றது. அம்மாவைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்து மானிப்பாயிலிருந்து திரும்பி மூன்று நாளாகியிருந்தது.

‘ஆம்’ என்று அழுத்தினேன். அதனால் எனக்கு என்ன குறைந்தது, என்ன குறையவில்லை, போவதற்கு முன்பு என்னென்ன செய்தேன், எதைச் செய்யத் தவறினேன் என்பதை வேலை இழந்திருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் ஆளுக்கொரு கதை இருக்கிறது. ஒருவர் ‘ஒருநாள்கூட நாட்டை விட்டுப் போகக்கூடாது’ என்பார். இன்னொருவர் ‘மூன்று கிழமை போய்வா, யாருக்குத் தெரியப்போகிறது’ என்பார். எனக்கு டிக்கெட் போட்டுத் தந்தவரும் இரண்டாமவரைப் போலத்தான் சொன்னார். இரண்டுமே பிழை.

நான் பதினொரு வருடம் ஒரு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மணித்தியாலத்துக்கு 22 டொலர், கிழமைக்கு 40 மணித்தியாலம், ஆகவே 880 டொலர். 2024 பெப்ரவரிக் கடைசியில் எங்கள் பகுதியையே மூடினார்கள். ஈ.ஐ. சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதத்தைத் தருகிறது. எனக்கு வரி கழிப்பதற்கு முன் கிழமைக்கு 484 டொலர் வந்தது. (கூடிய சம்பளக்காரர்களுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2024-இல் அது 668 டொலர், 2025-இல் 695 டொலர்.) மே மாத ஆரம்பத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துவிட்டது என்று தம்பி விடியற்காலையில் தொலைபேசி எடுத்தான்.

முதலில் சட்டம் சொல்வது

வழமையான ஈ.ஐ. கொடுப்பனவு, வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கும் வேலை கிடைத்தால் உடனே போகத் தயாராக இருப்பவருக்கும் உரியது. அதனால் கனடாவுக்கு வெளியே இருக்கும் நாட்களுக்குப் பணம் இல்லை என்பதே பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. நெருங்கிய குடும்பத்தவர் ஒருவர் கடும் நோயிலோ காயப்பட்டோ இருக்கும்போது பார்க்கப் போவதற்குத் தொடர்ச்சியாக 7 நாட்கள் வரை. இறுதிச் சடங்குக்கு 7 நாட்கள் வரை. இங்கே கிடைக்காத சிகிச்சைக்காகக் குடும்பத்தவர் ஒருவரை வெளிநாட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல 7 நாட்கள் வரை. உண்மையான ஒரு நேர்முகத் தேர்வுக்கு 7 நாட்கள் வரை. உண்மையாகவே வேலை தேடிப் போவதென்றால் 14 நாட்கள் வரை. உங்களுக்கே இங்கே உடனே கிடைக்காத சிகிச்சையை வெளிநாட்டில் பெறுவதற்கும் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது.

கல்யாணம் இந்தப் பட்டியலில் இல்லை. சாமத்தியச் சடங்கு, நல்லூர்த் திருவிழா, காணி உறுதி முடிக்கும் அலுவல் எதுவும் இல்லை. போகக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அந்த நாட்களுக்குப் பணம் இல்லை, அவ்வளவுதான்.

இறுதிச் சடங்கு விஷயத்தை எங்கள் ஆட்கள் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் செத்தவீடு சில நாட்களில் முடிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டுமென்று காத்திருந்தாலும் கனநாள் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் துக்கம் கழிவது 31-ஆம் நாள், கீரிமலையில் அந்தியேட்டி முடித்து வீட்டுக்கிருத்தியம் செய்த பிறகுதான். சட்டம் சொல்லும் 7 நாள் செத்தவீட்டுக்கு உரியது. 31 வரை நிற்பவருக்கு மிச்ச நாட்களுக்குப் பணம் வராது. அந்தியேட்டிக்காக நிற்பது உங்கள் கடமை என்றால் நில்லுங்கள், நானும் நின்றிருப்பேன். ஆனால் அறிக்கையில் அந்த நாட்களைச் சொல்லிவிட வேண்டும்.

உறவுமுறையை எழுதும்போதும் கவனம் வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும் விலக்கு நெருங்கிய குடும்பத்தவருக்கு மட்டும்: உங்கள் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, அவருடைய பெற்றோர், பிள்ளைகள் போன்றோர். இறுதிச் சடங்குக்கு வட்டம் சற்றுப் பெரிது, பெற்றோரின் சகோதரர்களும் அதில் வருவார்கள். பெரியம்மாவை நாம் ‘அம்மா’ என்றே கூப்பிட்டு வளர்ந்திருப்போம். அந்தப் பழக்கத்தில் படிவத்திலும் அம்மா என்று எழுதிவிட்டால் அது பொய்க் கூற்றாகவே எடுக்கப்படும். ‘அம்மாவின் அக்கா’, ‘அப்பாவின் தம்பி’ என்று ஆங்கிலத்தில் நேராக எழுதுங்கள். உங்கள் உறவு பட்டியலில் வருமா என்று சந்தேகம் இருந்தால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

ஏழு நாள் என்பது எத்தனை நாள்

ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இல்லை. நான் வியாழக்கிழமை இரவு பியர்சனில் ஏறி, டோகாவில் மாறி, சனிக்கிழமை காலையில் கட்டுநாயக்கவில் இறங்கினேன். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அன்றிரவு சொகுசு பஸ் பிடித்து ஞாயிறு விடிய மானிப்பாயில் நின்றேன். ஏழு நாளுக்குள் ரொறன்ரோ திரும்ப வேண்டுமென்றால் புதன்கிழமையே யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டிருக்க வேண்டும். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் பறந்து போய், அம்மாவின் கட்டிலருகே மூன்று பகல்தான் மிஞ்சும்.

அம்மாவுக்கு அப்போது பேச்சு குழறியது. வாயில் கரண்டியை வைத்தால் கஞ்சி இடது கடைவாயால் வழியும், நான் துணியால் ஒற்றி எடுப்பேன். தண்ணீரைக்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த நிலையில் புதன்கிழமை எழும்பி வர எனக்கு மனம் இல்லை. போக வரும் பயணத்தோடு சேர்த்துப் பதினைந்து நாள் கனடாவுக்கு வெளியே நின்றேன். முதல் ஏழு நாள் விலக்குக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஐந்து வேலைநாட்கள் பணம் இல்லாத நாட்களாயின.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. வெளிநாட்டில் நின்ற ஒவ்வொரு வேலைநாளுக்கும் வாரக் கொடுப்பனவில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டுவார்கள். எனக்கு ஒருநாளுக்கு 96 டொலர் 80 சதம், ஐந்து நாளுக்கு 484 டொலர். ஆனால் அந்தப் பணம் அழிந்துபோகவில்லை. ஈ.ஐ.-இல் உங்களுக்கு இத்தனை வாரம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வேலை செய்த மணித்தியாலத்தையும் உங்கள் பகுதியின் வேலையின்மை வீதத்தையும் பொறுத்து அது 14 முதல் 45 வாரம் வரை இருக்கும். அந்த வாரங்களை எடுத்து முடிக்கப் பொதுவாக 52 வாரக் காலம் தரப்படுகிறது. வெளிநாட்டில் நின்றதற்காக வெட்டிய நாட்கள் அந்தக் கணக்கில் எடுத்ததாக எழுதப்படுவதில்லை. மே மாதத்தில் எனக்கு வராத ஒரு வாரப் பணம், என் கணக்கின் கடைசியில் ஒரு வாரம் நீண்டு வந்து சேர்ந்தது.

இதைத் தெரியாமல்தான் பலர் பயந்து மறைக்கிறார்கள். ‘சொன்னால் எல்லாம் நின்றுவிடும்’ என்று நினைக்கிறார்கள். 52 வாரக் காலத்தின் கடைசி மாதங்களில் போகிறவர்கள் மட்டும் சற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் காலம் முடிந்துவிட்டால் மிஞ்சிய வாரங்களை எடுக்க முடியாது. மற்றவர்களுக்குச் சொல்வதால் வரும் நட்டம் சிறிது, பெரும்பாலும் தற்காலிகமானது.

போவதற்கு முன்

வேலை போன கையோடு ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். ஆர்.ஓ.ஈ. என்னும் வேலைப் பதிவு முதலாளியிடமிருந்து வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம், விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால் அது பின்னால் வரும். ‘ஒரு மாதம் ஊரில் நின்றுவிட்டு வந்து பதிவோம்’ என்று போனவர்கள், பிந்தியதற்கு நல்ல காரணம் காட்ட முடியாமல் வாரக்கணக்கில் பணத்தை இழந்திருக்கிறார்கள்.

தம்பியின் அழைப்பு வந்த அன்றே, டிக்கெட் எடுப்பதற்கு முன்பே, ஈ.ஐ.-ஐ நடத்தும் சேர்விஸ் கனடாவுக்கு நான் அழைத்தேன். அங்கே பேசிய அலுவலர் யார் நோயாளி, என்ன நோய், எந்த வைத்தியசாலை, எப்போது புறப்பாடு, எப்போது திரும்புவது என்று கேட்டுப் பதிந்துகொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி: ‘நீங்கள் அங்கே நிற்கும்போது இங்கே ஒரு வேலை கிடைத்தால் என்ன செய்வீர்கள்?’

இந்தக் கேள்விக்கு விடையோடு போக வேண்டும். அந்த ஏழு நாளுக்கும் ‘வேலைக்குத் தயார்’ என்ற நிபந்தனை விலகுவதில்லை. விலக்கு என்பது வெளிநாட்டில் நிற்பதற்குத்தான், வேலை தேடாமல் இருப்பதற்கு இல்லை. திகதி மாற்றக்கூடிய டிக்கெட் எடுக்கப் போகிறேன், கைத்தொலைபேசி இலக்கம் அங்கேயும் வேலை செய்யும், வீட்டு இலக்கத்துக்கு வரும் அழைப்பை மகள் எடுத்து எனக்குச் சொல்வாள், விண்ணப்பங்களை அங்கிருந்தும் அனுப்புவேன் என்று சொன்னேன். சொன்னபடியே செய்தேன். கோடைகாலத்தில் இலங்கை ரொறன்ரோவை விட ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை ஒன்பதரைக்கு அலுவலகங்கள் சுறுசுறுப்பாகும்போது மானிப்பாயில் இரவு ஏழு மணி. அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்துவிட்டு, வெளி விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியில் இரண்டு மூன்று விண்ணப்பமாவது அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன். எந்த இடம், எந்தத் திகதி, என்ன வேலை, என்ன பதில் என்பதை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைத்தேன். ஈ.ஐ. எடுக்கும் எல்லாரும் இந்தக் கொப்பியை எப்போதும் வைத்திருக்க வேண்டும். வேலை தேடியதற்கு அத்தாட்சி எப்போதும் கேட்கப்படலாம்.

அந்த அழைப்பின் திகதி, நேரம், பேசியவர் சொன்ன விடயங்கள் எல்லாவற்றையும் அதே கொப்பியில் எழுதிக்கொண்டேன். அழைத்துச் சொன்னதோடு விஷயம் முடியவில்லை. திரும்பி வந்து நிரப்பும் அறிக்கையிலும் மறுபடி சொல்ல வேண்டும்.

அங்கே நிற்கும்போது எடுக்க வேண்டிய கடிதம்

ஊரில் நிற்கும்போதே இந்த அலுவலை முடித்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு தம்பி தங்கையை வைத்தியசாலைக்கு அலைய விட்டால் மாதக்கணக்காகும்.

வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு விடும்போது ஒரு டயக்னோசிஸ் கார்ட் தருவார்கள். அதில் வைத்தியரின் சுருக்கெழுத்தும் மருந்துப் பெயர்களும்தான் இருக்கும். வெளிநாட்டில் ஓர் அலுவலர் அதைப் பார்த்து நோய் கடுமையானதா இல்லையா என்று சொல்ல முடியாது. அதனால் வைத்தியரிடம் தனியாக ஒரு கடிதம் கேட்டேன். முதல் நாள் அவர் இரண்டே வரி எழுதித் தந்தார்: இன்னார் சிகிச்சை பெறுகிறார் என்று. அடுத்த நாள் மறுபடி போய், எதற்காகக் கேட்கிறேன் என்று விளக்கி, இவை எல்லாம் வேண்டுமென்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: நோயாளியின் முழுப் பெயர், பிறந்த திகதி, அனுமதிக்கப்பட்ட திகதி, நோய் என்ன, அது எவ்வளவு கடுமையானது, வைத்தியரின் பெயர், பதவி, கையொப்பம், முத்திரை. எல்லாம் ஆங்கிலத்தில். அவர் பொறுமையாக இருந்து எழுதித் தந்தார். அந்த ஒரு பக்கக் கடிதத்தை என் கைப்பைக்குள் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அம்மா என்பதற்கும் அத்தாட்சி வேண்டியிருக்கலாம். என் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் எழுத்து வித்தியாசம். எங்கள் தலைமுறையில் பலருக்கு இந்தப் பிரச்சினை உண்டு. அடையாள அட்டையில் ஒரு விதமாக, சான்றிதழில் இன்னொரு விதமாக இருக்கும். இரண்டின் பிரதியையும் சேர்த்து வைத்தேன். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரமானால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதையும் ஊரிலேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்துவிடலாம். இறப்புக்காகப் போகிறவர்கள் மரணச் சான்றிதழையும் அப்படியே எடுத்து வாருங்கள்.

விமானத்தில் ஏறும் அட்டைகளை எறிந்துவிடாதீர்கள். போன திகதி, வந்த திகதி இரண்டையும் அவை காட்டும்.

அறிக்கையை வேறு யாரும் நிரப்பக்கூடாது

நான் நின்ற பதினைந்து நாளுக்குள் ஓர் அறிக்கை நாள் வந்தது. மகள் கேட்டாள், ‘அம்மா, அந்த எண்ணைச் சொல்லுங்கள், நான் நிரப்பிவிடுகிறேன்’ என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அணுகல் எண் உங்கள் கையொப்பம் போன்றது, கணவனுக்கும் பிள்ளைக்கும்கூடக் கொடுக்கக்கூடாது. அறிக்கை நிரப்ப மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. திரும்பி வந்த பிறகு நானே நிரப்பினேன். மூன்று வாரத்துக்கு மேல் நிற்பதென்றால் அதைப் போவதற்கு முன்பே அலுவலரிடம் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அவகாசம் தாண்டினால் கொடுப்பனவு நின்றுபோகும்.

பழைய வேலையிடத்துத் தோழி ஒருத்தி வேறு விதமாகச் செய்தாள். மூன்று கிழமை சென்னைக்கும் திருச்சிக்கும் போய் வந்தாள். அறிக்கையை வீட்டிலிருந்த மகன் நிரப்பினான். கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா என்பதற்கு ‘இல்லை’. வேலைக்குத் தயாராக இருந்தீர்களா என்பதற்கு ‘ஆம்’. ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் கடிதம் வந்தது. பதினைந்து வேலைநாள் பணத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லி, அதற்கு மேல் தண்டப்பணமும் போட்டிருந்தது. அவள் அந்தக் கடிதத்தை என் முன் விரித்தபோது தாளின் மடிப்புகள் நைந்திருந்தன. எத்தனை முறை மடித்து விரித்துப் படித்திருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கனடாவின் எல்லை அதிகாரிகளிடம் உள்ள பயண விபரங்களை ஈ.ஐ. கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புதிய விஷயமே இல்லை. 1990-களில், விமானத்தில் திரும்பி வரும்போது நாம் நிரப்பிக் கொடுத்த சுங்க அட்டைகளை வைத்து ஒப்பிட்டார்கள். அது தனியுரிமையை மீறுகிறது என்று வழக்குப் போய், 2001-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்த நடைமுறை அரசியல் சாசனத்துக்கு முரணாகாது என்று தீர்ப்பளித்தது. இப்போது அட்டைகூடத் தேவையில்லை. தரை எல்லையைக் கடப்பவர்கள் வெளியேறும் விபரம் 2019 முதலும், விமானத்தில் வெளியேறுபவர்களின் விபரம் 2020 முதலும் திரட்டப்படுகிறது. நீங்கள் எந்த நாள் போனீர்கள், எந்த நாள் வந்தீர்கள் என்பது அவர்களிடம் இருக்கிறது.

பின்னோக்கிப் பார்ப்பதற்கு அவர்களுக்கு 36 மாதம் உண்டு. பொய்க் கூற்று இருப்பதாகக் கருதினால் 72 மாதம், அதாவது ஆறு வருடம். தண்டப்பணம் எடுத்த பணத்தின் மூன்று மடங்கு வரை போகலாம். அதை விடக் கனமானது இன்னொன்று. மீறல் என்று பதியப்பட்டால், அடுத்த ஐந்து வருடத்துக்குள் மறுபடி வேலை போனால் ஈ.ஐ. பெறத் தேவையான மணித்தியாலங்கள் கூடிவிடும். மீறலின் அளவைப் பொறுத்துக் கால் மடங்கு, அரை மடங்கு, மிகக் கடுமையானதென்றால் முக்கால் மடங்கு கூடும். மறுபடியும் மீறினால் இரட்டிப்பு. 700 மணித்தியாலம் வேண்டிய இடத்தில் 1,400. தொழிற்சாலை வேலையில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய அடி.

ஏற்கெனவே இப்படிச் செய்துவிட்டு இரவில் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பு நீங்களாகவே போய்ச் சொன்னால் தண்டப்பணத்தையும் வழக்கையும் தவிர்க்க இடமுண்டு. எடுத்த பணத்தை மட்டும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், அதையும் தவணையில் கட்டக் கேட்கலாம். தோழிக்கு இது முன்பே தெரிந்திருந்தால் போயிருப்பாள். இன்றே அழையுங்கள்.

நான் கேட்கத் தவறிய கேள்வி

இதை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். நான் போய் வந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, நூலகத்தில் புதியவர்களுக்கான ஒரு தகவல் கூட்டத்தில் சும்மா போய் இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்: ஈ.ஐ.-க்குள்ளேயே பராமரிப்புக் கொடுப்பனவு என்று ஒன்று இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான நோயிலோ காயத்திலோ இருக்கும் வயதுவந்த குடும்பத்தவரைப் பார்த்துக்கொள்ள 15 வாரம் வரை. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் 35 வாரம் வரை. 26 வாரத்துக்குள் இறக்கும் ஆபத்து இருப்பவரின் கடைசிக் காலத்தில் கூட இருக்க 26 வாரம் வரை. பிரித்துப் பிரித்தும் எடுக்கலாம். சகோதரங்கள் தங்களுக்குள் பகிர்ந்தும் எடுக்கலாம்.

நோயாளி கனடாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. நீங்கள் கனடாவில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. இது வேலைக்குத் தயாராக இருக்கும் கொடுப்பனவு அல்ல, பராமரிக்கும் கொடுப்பனவு. ஊரில் சிகிச்சை செய்யும் வைத்தியரே மருத்துவச் சான்றிதழை நிரப்பித் தரலாம். தகுதி காணும் காலத்தில் 600 காப்புறுதி மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். பதினொரு வருடம் முழுநேரம் நின்ற எனக்கு அது எப்போதோ இருந்தது. ஏற்கெனவே வழமையான ஈ.ஐ. எடுத்துக்கொண்டிருப்பவரும் இதற்கு மாறிக் கேட்கலாம்.

நான் அந்த அலுவலரிடம், ‘ஏழு நாள் போகலாமா?’ என்று கேட்டேன். கேட்டதற்கு அவர் சரியாகப் பதில் சொன்னார். ‘என் அம்மாவுக்கு உயிராபத்து, நான் அவருடன் நின்று பராமரிக்க வேண்டும், எனக்கு என்ன வழி இருக்கிறது?’ என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். நான் வெளிக்கிட்டபோது அம்மா என் சேலைத் தலைப்பை வலது கையால் பிடித்திருந்தார். பிடியை விடுவிக்கத் தம்பியின் மனைவி உதவ வேண்டியிருந்தது. இன்னும் ஒரு மாதமாவது நின்றிருக்கலாம், சட்டத்துக்கு உட்பட்டே நின்றிருக்கலாம்.

எல்லா நோய்க்கும் இது கிடைக்காது. நீரிழிவு, மூட்டுவாதம் போல நீண்டகாலமாக ஒரே நிலையில் இருக்கும் நோய்க்குப் பொருந்தாது. வழமையான உடல்நிலையிலிருந்து பெரிய மாற்றம் வந்து, அதனால் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியர் சான்றளிக்க வேண்டும். அதற்கென்று சேர்விஸ் கனடாவின் மருத்துவச் சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. அதை இங்கேயே அச்சிட்டுக் கையில் கொண்டு போங்கள். வைத்தியருக்கு அந்தப் படிவம் புதிதாக இருக்கும். முதல் நாளே கொடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எதற்கென்று விளக்குங்கள்.

பிள்ளை பெற்றிருக்கும் தாய்மாருக்கும் ஒரு வரி. மகப்பேற்றுக் கொடுப்பனவும் பெற்றோர் கொடுப்பனவும் எடுத்துக்கொண்டு வெளிநாட்டில் நிற்கலாம். பேரப்பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டப் பயப்பட வேண்டியதில்லை.

திரும்பி வந்து

மூன்றாம் நாள் அறிக்கையை நிரப்பினேன். ‘ஆம்’ என்று அழுத்தியதும் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற விபரம் கேட்டது. சரியான திகதிகளைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு உடனே பணம் வரவில்லை. கணக்கைப் பரிசீலிக்கிறோம் என்று வந்தது. சில நாளில் ஓர் அலுவலர் அழைத்து, வைத்தியரின் கடிதத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஏழு நாளை ஏற்றுக்கொண்டு, மிச்ச ஐந்து வேலைநாளை வெட்டினார்கள். இடையில் இரண்டு வாரம் பணம் தடைப்பட்டது. வாடகை நாள் நெருங்கியதால் தங்கச்சியிடம் கைமாற்று வாங்கினேன். ஊருக்குப் போகிறவர்கள் இந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்து, ஒரு மாத வாடகையையாவது ஒதுக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

வைத்தியரின் கடிதம், ஏறும் அட்டைகள், டிக்கெட் பற்றுச்சீட்டு, கடவுச்சீட்டில் முத்திரை குத்திய பக்கங்களின் பிரதி, வேலை தேடியதையும் அழைப்புகளையும் குறித்த கொப்பி எல்லாவற்றையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே திகதி எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்கக்கூடிய காலம் ஆறு வருடம். 2030 மே வரை அந்த உறை அங்கேயே இருக்கும்.